சீசர் சாலட்டும் அதன் டிரஸ்ஸிங்கும்: வீட்டில் செய்பவர்கள் கேட்கும் கேள்விகள்

சீசர் சாலட் என்றதும் பலருக்குப் பெரிய ஓட்டல் மெனு கார்டில் பார்த்த விலைதான் நினைவுக்கு வரும். பிரித்துப் பார்த்தால் சமாச்சாரம் சின்னது. மொறுமொறுப்பான ரொமெய்ன் லெட்யூஸ் இலை, பூண்டு எண்ணெயில் வறுத்த ரொட்டித் துண்டு, இரண்டின் மேலும் பூசினாற்போல் ஒட்டியிருக்கும் கெட்டியான டிரஸ்ஸிங். அந்த டிரஸ்ஸிங்கில் க்ரீம் ஒரு சொட்டுக்கூடக் கிடையாது. முட்டையும் எண்ணெயும் சேர்ந்து போடும் க்ரீம் வேஷம் அது. சில வருடங்களாக இதைச் செய்து, கெடுத்து, மறுபடி செய்து வருகிறேன். வீட்டுக்கு வந்து சாப்பிட்டவர்களும், செய்து பார்த்துவிட்டுப் போன் செய்தவர்களும் கேட்ட கேள்விகள் இவை.

இந்த சீசர், ரோமாபுரி சீசரா?

இல்லை. சீசர் கார்டினி என்ற ஓட்டல்காரர். இத்தாலியில் பிறந்து அமெரிக்காவுக்குப் போனவர். அமெரிக்காவில் 1920 முதல் 1933 வரை மதுவிலக்கு இருந்தது. கார்டினி சான் டியாகோவில் குடியிருந்துகொண்டு, எல்லைக்கு அந்தப் பக்கம் மெக்சிகோவின் டிஹுவானா நகரத்தில் சாப்பாட்டுக் கடை நடத்தினார். அங்கே மதுவுக்குத் தடையில்லை, அதனால் கூட்டத்துக்கும் குறைவில்லை. மதுவிலக்குக் காலத்தில் புதுச்சேரிக்குப் பஸ் ஏறியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

1924 ஜூலை 4, அமெரிக்க சுதந்திர தினம். கடையில் நெரிசல், சமையலறையில் சரக்கு தீர்ந்துகொண்டிருந்தது. இருந்த இலை, முட்டை, ரொட்டி, சீஸ் இவற்றை வைத்து, சாப்பிட வந்தவர்களின் மேஜைக்குப் பக்கத்திலேயே நின்று கலந்து சமாளித்தார் என்பது அந்தக் குடும்பம் சொல்லும் கதை. அவருடைய சகோதரர் அலெக்ஸ், இது தன் கைவண்ணம் என்று சொல்லியிருக்கிறார். புகழ்பெற்ற பண்டம் எதற்கும் இப்படி இரண்டு மூன்று தகப்பன்கள் இருப்பது வழக்கம்தானே. பின்னாளில் அமெரிக்கச் சமையல் உலகின் பெரிய பெயரான ஜூலியா சைல்ட், சிறுமியாக இருந்தபோது பெற்றோருடன் அங்கே போய், கார்டினியே மேஜையருகில் வந்து முட்டையை உடைத்துக் கலந்ததைப் பார்த்திருக்கிறார். டிஹுவானாவின் ரெவலூசியோன் சாலையில் அந்தக் கடை இன்றும் இருக்கிறது. இன்றும் மேஜையருகே வந்து, மரக்கிண்ணத்தில் கலந்துதான் தருகிறார்கள்.

நாலு பேருக்கு என்னென்ன, எவ்வளவு வேண்டும்?

ரொமெய்ன் லெட்யூஸ் பெரிதாக இரண்டு, சுமார் 400 கிராம். பழைய ரொட்டி 4 துண்டு. டிரஸ்ஸிங்குக்கு: முட்டை மஞ்சள் கரு 1, டிஜான் மஸ்டர்ட் (பிரெஞ்சுக் கடுகு விழுது) 1 டீஸ்பூன், எலுமிச்சைச் சாறு 1 டேபிள் ஸ்பூன், பூண்டு சின்னதாக 2 பல், எண்ணெயில் ஊறிய ஆன்சோவி மீன் 3 துண்டு, வூஸ்டர்ஷயர் சாஸ் அரை டீஸ்பூன், எண்ணெய் 100 மில்லி, துருவிய பார்மேசான் சீஸ் 30 கிராம், மேலே தூவ இன்னும் கொஞ்சம். மிளகை அப்போதே பொடிக்க வேண்டும். உப்பைக் கடைசியில் ருசி பார்த்துவிட்டுப் போடுங்கள். ஆன்சோவியிலும் சீஸிலும் உப்பு ஏற்கெனவே இருக்கிறது. முதலிலேயே போட்டால் திரும்ப எடுக்க வழியில்லை.

ரொமெய்ன்தான் வேண்டுமா? முட்டைக்கோஸ் போடலாமா?

ரொமெய்ன் இலையின் நடுநரம்பு தடிமனாக, நீர் நிறைந்து இருக்கும். கெட்டியான டிரஸ்ஸிங்கின் கனத்தை அதுதான் தாங்கும். மெல்லிய, சுருள் ஓரம் கொண்ட லெட்யூஸ் வகைகள் ஐந்து நிமிடத்தில் துவண்டுவிடும். ரொமெய்ன் கிடைக்காவிட்டால் ஐஸ்பெர்க் லெட்யூஸ் பரவாயில்லை. ருசி குறைவு, மொறுமொறுப்பு உண்டு. முட்டைக்கோஸ் போட்டால் அது கோல்ஸ்லா. நல்ல பண்டம்தான், ஆனால் வேறு பண்டம்.

நம் ஊர்ச் சந்தைக்கு வரும் லெட்யூஸில் நிறைய நீலகிரிப் பக்கத்து விளைச்சல். வெயில் ஏறினால் இந்தச் செடி பூவெடுக்க ஓடும், இலையும் கசக்கும். வாங்கும்போது அடித்தண்டைப் பாருங்கள். வெட்டிய இடம் வெளுப்பாக ஈரமாக இருந்தால் புதிது. துருப்பிடித்த நிறத்தில் இருந்தால் வெட்டி நாளாகிவிட்டது. சித்திரை வெயிலில் வாங்கினால் ஒரு இலையைக் கிள்ளிக் கடித்துப் பார்த்துவிட்டு வாங்குங்கள். கடைக்காரர் முறைப்பார், முறைக்கட்டும்.

டிரஸ்ஸிங் இலையில் ஒட்டாமல் கிண்ணத்தின் அடியில் தேங்கிவிடுகிறது. ஏன்?

இலையில் ஈரம் இருந்திருக்கிறது. சீசர் சாலட் கெட்டுப்போவதற்கு என்னைக் கேட்டால் முதல் காரணம் இதுதான். முட்டை, எண்ணெய், சீஸ் எல்லாம் அப்புறம். டிரஸ்ஸிங்கில் பெரும்பங்கு எண்ணெய். ஈரமான இலையில் எண்ணெய் பிடிக்காது, வழுக்கிக் கீழே போய்விடும். போகிற போக்கில் அந்தத் தண்ணீரும் டிரஸ்ஸிங்கை நீர்க்கச் செய்யும்.

நான் செய்வதைச் சொல்கிறேன். இலைகளை ஒவ்வொன்றாகப் பிரித்து, ஓடும் குழாய்த் தண்ணீரில் இரண்டு பக்கமும் விரலால் தேய்த்துக் கழுவுவேன். அடிப்பக்கத்து மடிப்பில் மண் ஒளிந்திருக்கும், அங்கே கட்டைவிரல் போக வேண்டும். பச்சையாகச் சாப்பிடப்போவதால் கடைசி அலசல் குடிக்கிற தண்ணீரில். அப்புறம் ஐஸ்கட்டி போட்ட தண்ணீரில் 10, 15 நிமிடம் கிடக்கட்டும். தளர்ந்த இலை நீர் ஏறி விறைத்துக்கொள்ளும். உப்புத் தண்ணீர், மஞ்சள் தண்ணீர் என்று பலர் ஊறவைக்கிறார்கள். அது கிருமியை முழுக்கக் கொன்றுவிடும் என்று நம்பி, தேய்த்துக் கழுவுவதை விட்டுவிடாதீர்கள்.

இப்போது உலர்த்தல். இதற்கென்று சுழலும் கூடை கடையில் விற்கிறார்கள். எனக்குப் பழைய பருத்தித் துண்டே போதும். இலைகளை அதில் பரப்பி, நான்கு முனையையும் சேர்த்துப் பிடித்து, மொட்டைமாடிக்குப் போய்க் கையை வீசி இருபது சுற்று. சுவரில் தண்ணீர் கோடு கோடாகத் தெறிக்கும். தெறிப்பது நிற்கும்வரை சுற்ற வேண்டும். பிறகு உலர்ந்த துண்டில் தளர்வாகச் சுருட்டி, அரை மணி நேரம் ஃப்ரிட்ஜில். எடுத்ததும் ஓர் இலையை மடக்கினால் சட்டென்று முறிய வேண்டும். உள்ளங்கையில் ஈரம் பட்டால் இன்னும் கொஞ்ச நேரம் இருக்கட்டும்.

பச்சை முட்டை போடுவது ஆபத்து இல்லையா?

நியாயமான பயம். முட்டைக்குள்ளேயே சால்மோனெல்லா கிருமி இருக்கலாம். ஓட்டைக் கழுவியதால் அது போகாது. தமிழ்நாடு அரசு 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுக்குப் பச்சை முட்டையில் செய்த மயோனைஸின் தயாரிப்பு, இருப்பு, விற்பனை எல்லாவற்றுக்கும் தடை போட்டதன் காரணமும் இதுதான். தெலங்கானா அதற்கு முன்பே, 2024 அக்டோபரில் தடை போட்டது. அந்தத் தடை கடைகளுக்கானது. ஆனால் கிருமிக்குக் கடை எது, வீடு எது என்று தெரியாது.

கார்டினியின் செய்முறையில் முட்டையைக் கொதிநீரில் ஒரு நிமிடம் போட்டு எடுப்பார்கள். அது கருவைக் கொஞ்சம் கெட்டியாக்கும், அவ்வளவே. ஒரு நிமிடத்தில் உள்ளே சூடு போய்ச் சேராது. அதைப் பாதுகாப்பு என்று எண்ண வேண்டாம்.

நான் கருவைச் சூடு பண்ணித்தான் சேர்க்கிறேன். ஒரு மஞ்சள் கரு, ஒரு டேபிள் ஸ்பூன் எலுமிச்சைச் சாறு, ஒரு டேபிள் ஸ்பூன் தண்ணீர் மூன்றையும் சின்ன எவர்சில்வர் கிண்ணத்தில் போட்டுக் கலக்குங்கள். கீழே ஒரு பாத்திரத்தில் தண்ணீர் மெல்லக் கொதித்துக்கொண்டிருக்க, கிண்ணத்தை அதன் வாயில் உட்கார வைத்து, கரண்டி நிற்காமல் கிளறுங்கள். 71 டிகிரி செல்சியஸ் தொட்டதும் இறக்கி, கிண்ணத்தின் அடியைக் குளிர்ந்த தண்ணீரில் வையுங்கள். சமையல் தெர்மாமீட்டர் இல்லாமல் இந்த வேலையில் இறங்காதீர்கள். கண்மதிப்பில் செய்தால் ஒன்று சூடு போதாது, இல்லாவிட்டால் முட்டைப் பொரியல் ஆகிவிடும். செய்முறையில் சொன்ன எலுமிச்சைச் சாறு இதிலேயே அடங்கிவிட்டது, மறுபடி ஊற்ற வேண்டாம்.

தெர்மாமீட்டர் இல்லாதவர்களுக்கு இன்னொரு வழி: முழுசாக அவித்த முட்டையின் மஞ்சள் கரு. ஒரு டீஸ்பூன் மஸ்டர்டும் கொஞ்சம் தண்ணீரும் விட்டு, கட்டி இல்லாமல் குழைத்து, அதில் எண்ணெயைச் சேர்க்கலாம். பட்டுப்போல் வராது, லேசாக மாவுத்தன்மை இருக்கும். கர்ப்பிணிகள், குழந்தைகள், வயதானவர்கள், நோயிலிருந்து தேறிவருபவர்கள் சாப்பிடும் பந்தியில் இதையோ முட்டையில்லா வகையையோதான் வையுங்கள்.

டிரஸ்ஸிங்கை எப்படி அடிக்க வேண்டும்? எனக்கு ஒவ்வொரு தடவையும் திரிந்துபோகிறது.

எண்ணெயும் தண்ணீரும் சேராது என்பது தெரிந்த கதை. மஞ்சள் கருவில் இருக்கும் லெசித்தின் என்ற பொருள் இரண்டுக்கும் நடுவில் நின்று, எண்ணெயைப் பொடிப்பொடித் துளியாக்கி, தண்ணீரில் மிதக்கவிட்டுப் பிடித்துக்கொள்கிறது. பாலும் இப்படித்தான்: கொழுப்புத் துளிகள் தண்ணீரில் மிதப்பது. அதனால்தான் தமிழில் இதற்குப் பால்மம் என்று பெயர். எண்ணெயை மொத்தமாகக் கொட்டினால் துளிகள் உடைவதற்குள் ஒன்றோடொன்று சேர்ந்துவிடும். அதுதான் திரிவது.

பூண்டையும் ஆன்சோவியையும் முதலில் இடிகல்லில் விழுதாக நசுக்கி, உடனே எலுமிச்சைச் சாற்றில் போடுங்கள். நசுக்கிய பூண்டு காத்திருக்கக் காத்திருக்கக் காரம் ஏறும்; புளிப்பு பட்டால் அடங்கும். கருவைச் சூடு பண்ணியிருந்தால் ஆறிய அந்தக் கலவையிலேயே விழுதைப் போடலாம். ஒரு ஈரத்துணியை வளையமாகச் சுருட்டிச் சும்மாடு போல் வைத்து, அதன்மேல் கிண்ணத்தை உட்காரவையுங்கள். ஒரு கையில் எண்ணெய், ஒரு கையில் விஸ்க் என்ற கம்பி மத்து. கிண்ணத்தைப் பிடிக்க மூன்றாவது கை இல்லையே. மஞ்சள் கரு, மஸ்டர்ட், விழுது, வூஸ்டர்ஷயர் சாஸ் எல்லாம் சேர்த்து அரை நிமிடம் அடியுங்கள். பிறகு எண்ணெய். முதல் இரண்டு டேபிள் ஸ்பூன் சொட்டுச் சொட்டாகத்தான் விழ வேண்டும். ஒரு சொட்டு மறைந்த பிறகு அடுத்தது. இந்த இரண்டு நிமிடம் பொறுமை காத்தால் மீதி வேலை தானாக நடக்கும். கலவை வெளுத்துக் கெட்டியாகும்போது அடிக்கும் சத்தமே மாறும். சளசளவென்று இருந்தது தொப் தொப்பென்று கனக்கும். அதன் பிறகு நூல்போல ஊற்றலாம். கடைசியில் சீஸ், மிளகு. கரண்டியின் பின்புறத்தில் பூசி விரலால் ஒரு கோடு இழுங்கள். கோடு நிற்க வேண்டும், ஆனால் டிரஸ்ஸிங் கரண்டியிலிருந்து மெல்ல இறங்கவும் வேண்டும். இறங்கவில்லை என்றால் ஒரு டீஸ்பூன் தண்ணீர் விடுங்கள்.

மிக்சியில் அடித்தால் என்ன?

தாராளமாக. ஆனால் ஒரு மஞ்சள் கருவை மட்டும் போட்டால் சட்னி ஜாரின் பிளேடு அதைத் தொடவே தொடாது, கரு சுவரில் ஒட்டிக்கொண்டு நிற்கும். இரட்டைப் பங்காகச் செய்யுங்கள். கையில் பிடிக்கும் பிளெண்டர் இருந்தால் இன்னும் சுலபம்: அதன் தலை மட்டும் நுழையும் அகலத்தில் உயரமான டம்ளர், அடியில் கருக்கலவை, மேலே எண்ணெய் முழுவதும். பிளெண்டரை அடியில் அழுத்தி வைத்து ஓட்டி, வெள்ளையாகக் கிளம்பி வரும்போது மெல்ல மேலே தூக்குங்கள். முப்பது விநாடியில் முடிந்துவிடும்.

திரிந்தே போய்விட்டது. கொட்டிவிடவா?

கொட்ட வேண்டாம். வேறு கிண்ணத்தில் ஒரு டீஸ்பூன் மஸ்டர்டும் ஒரு டீஸ்பூன் வெதுவெதுப்பான தண்ணீரும் போட்டு, திரிந்ததை அரை ஸ்பூன் அரை ஸ்பூனாக அதில் விட்டு அடியுங்கள். திரிந்த கிண்ணத்திலேயே இன்னும் வேகமாக அடித்தால் சரியாகும் என்று நினைப்பது வீண். முதல் தடவை விருந்தாளிகளை வாசலில் உட்கார வைத்துவிட்டு, நான் அப்படிக் கால்மணி நேரம் அடித்துக் கை வலி வாங்கியதுதான் மிச்சம். அன்றைக்கு எல்லாருக்கும் தயிர்ப் பச்சடி.

எந்த எண்ணெய்? ஆலிவ் எண்ணெய் ஊற்றினேன், கசந்துவிட்டது.

கசந்தது எக்ஸ்ட்ரா வர்ஜின் வகையாக இருக்கும், மிக்சியில் ஓட்டியிருப்பீர்கள். வேகமான பிளேடில் அடிபட்டால் அந்த எண்ணெயில் உள்ள கசப்பு தூக்கலாக வெளியே வரும். கையால் அடித்தால் அவ்வளவு தெரியாது. முக்கால் பங்கு சூரியகாந்தி எண்ணெய், கால் பங்கு ஆலிவ் எண்ணெய் என்பது என் கணக்கு. மிக்சியில் செய்வதானால் ஆலிவ் எண்ணெயை மட்டும் கடைசியில் கையால் கலந்துகொள்ளுங்கள். நல்லெண்ணெய் வேண்டாம், இட்லிப் பொடிக்கு அது ராஜா, இங்கே மற்ற எல்லாவற்றையும் அமுக்கிவிடும்.

ஆன்சோவி என்பது நம்ம நெத்திலிதானே? நெத்திலிக் கருவாடு போடலாமா?

உறவு உண்மைதான். மத்தியதரைக் கடல் ஆன்சோவியும் நம் நெத்திலியும் ஒரே குடும்பத்து மீன்கள். ஆனால் பக்குவம் வேறு. அவர்கள் மீனை உப்பில் அடுக்கி மாதக்கணக்கில் வைக்கிறார்கள். சதை கரும்பழுப்பாகி, விரலால் நசுக்கினால் கரைகிற பதம் வந்ததும் முள்ளெடுத்து எண்ணெயில் போடுகிறார்கள். நம்முடையது வெயிலில் காய்வது. தெரிந்தே ஒரு நாள் பரிசோதனை செய்தேன்: நாலு நெத்திலிக் கருவாட்டைத் தலை கிள்ளி, வறுத்து, இடித்துச் சேர்த்தேன். டிரஸ்ஸிங் பல்லில் நறநறத்தது, வீடு முழுக்கக் கருவாட்டு வாசனை. கருவாட்டுக் குழம்பில் மணப்பது பச்சை இலைமேல் நாறியது.

டப்பா ஆன்சோவி கிடைக்காவிட்டால் அரை டீஸ்பூன் மீன் சாஸ் விடுங்கள். தாய்லாந்துச் சமையலுக்கு என்று பெரிய கடைகளில் விற்கும் அது, பெரும்பாலும் நெத்திலியையும் உப்பையும் ஊறவைத்து இறக்கியதுதான்.

கார்டினியின் சாலட்டில் மீனே தனியாகக் கிடையாது என்று அவர் மகள் ரோசா சொல்லியிருக்கிறார். அந்த வாடை வந்தது வூஸ்டர்ஷயர் சாஸிலிருந்து. இங்கிலாந்தின் வூஸ்டர் நகரத்தில் லீ அண்ட் பெரின்ஸ் 1837-இல் விற்க ஆரம்பித்த சாஸ் அது. லேபிளைப் படித்தால் நமக்குச் சிரிப்பு வரும்: வினிகர், வெல்லப்பாகு, உப்பு, ஆன்சோவி, புளி, வெங்காயம், பூண்டு. நெத்திலியும் புளியும்! நெத்திலி மீன் குழம்பைக் கோட்டு சூட்டு மாட்டி பாட்டிலில் அடைத்தது போல. சைவர்கள் இந்த லேபிளைக் கட்டாயம் பார்க்க வேண்டும். மீன் இல்லாமல் செய்யும் கம்பெனிகளும் உண்டு.

மஞ்சள் நிற லெமன் வேண்டுமா, நம்ம ஊர் எலுமிச்சை போதுமா?

நம் ஊர் எலுமிச்சைதான் பொருத்தம். மெக்சிகோவில் லிமோன் என்று கேட்டால் கையில் கொடுப்பது சிறிய, உருண்டையான, மெல்லிய தோல் பழம். நம் சந்தையில் கூறு கட்டி விற்கும் எலுமிச்சையும் அதே இனம். பெரிய மஞ்சள் லெமனைத் தேடி அதிக விலை கொடுக்க வேண்டாம். நம் பழத்துக்குப் புளிப்பு கூடுதல் என்பதால், முதலில் முக்கால் பங்கு சாற்றை விட்டு ருசி பார்த்துக்கொள்ளுங்கள்.

பார்மேசான் விலை அதிகம். வேறு சீஸ்?

அசல், இத்தாலியின் பார்மா, ரெஜியோ எமிலியா வட்டாரத்தில் குறைந்தது 12 மாதம் முதிரவைத்தது. 30 கிராம்தானே வேண்டும். சின்னத் துண்டாக வாங்கி அப்போதைக்கப்போது துருவினால் இரண்டு மூன்று சாலட்டுக்கு வரும். இந்தியாவில் செய்த பார்மேசான் வகைகளும் மோசமில்லை. டப்பாவில் வரும் பொடி வேண்டாம், மரத்தூள் மாதிரி நாக்கில் நிற்கும். சாண்ட்விச்சுக்கு வாங்கும் ப்ராசஸ்டு சீஸ் கரையாமல் ரப்பராகச் சுருளும்.

சைவம் பார்ப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. அசல் பார்மிஜானோ ரெஜியானோவில் பாலைத் திரிக்க, கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுக்கும் ரென்னட்டைச் சேர்க்கிறார்கள். பாலில் செய்ததுதானே என்று வாங்கிவிட வேண்டாம்; பாக்கெட்டில் பச்சைப் புள்ளி இருக்கிறதா என்று பாருங்கள்.

முட்டையும் மீனும் இல்லாமல் செய்ய முடியுமா?

முடியும். மூன்று வழிகளைச் செய்து பார்த்தேன்.

பால் வைத்துச் செய்வது கிட்டத்தட்ட அசல் போலவே வரும். குளிர்ந்த கொழுப்புப் பால் 50 மில்லி, எண்ணெய் 100 மில்லி, மஸ்டர்ட் ஒரு டீஸ்பூன். உயரமான டம்ளரில் போட்டுப் பிளெண்டரால் அடித்தால் பால் புரதமே முட்டையின் வேலையைச் செய்துவிடும். எலுமிச்சையைக் கடைசியில் விடுங்கள். விட்டதும் இன்னும் கெட்டியாகும். மீனுக்குப் பதில் அரை டீஸ்பூன் சோயா சாஸ், இடித்த பச்சை ஆலிவ் இரண்டு.

இரண்டாவது, துணியில் கட்டித் தொங்கவிட்ட தயிர். எண்ணெய் குறையும், வயிற்றுக்கும் லேசு. ஆனால் நாக்கு பச்சடியைத்தான் அடையாளம் காணும். மூன்றாவது, ஊறவைத்த முந்திரி. வழவழப்பாக வரும், பால்கூடச் சேர்க்காதவர்களுக்கு வழி. லேசான இனிப்பு இருக்கும் என்பதால் எலுமிச்சையும் மிளகும் கூட்ட வேண்டும்.

கடை மயோனைஸில் பூண்டும் சீஸும் கலந்தால் அதுவும் சீசர் டிரஸ்ஸிங்தானே?

அவசரத்துக்கு ஆகும். கடை மயோனைஸ்கள் பலவற்றில் சர்க்கரை இருக்கும், அதுதான் சிக்கல். நாலு டேபிள் ஸ்பூன் மயோனைஸுக்கு ஒரு எலுமிச்சைச் சாறு, நிறைய மிளகு என்று போய்த்தான் அந்த இனிப்பைச் சரிக்கட்ட வேண்டும்.

ரொட்டித் துண்டு ஒரு நாள் மொறுமொறு, ஒரு நாள் சவசவ.

புது ரொட்டியில் செய்திருப்பீர்கள். முந்தின நாள் ரொட்டியைக் கையால் பிய்த்துப் போடுங்கள். கத்தியால் சதுரமாக வெட்டுவதைவிடக் கரடுமுரடான ஓரம் நன்றாக முறுகும். இரண்டு டேபிள் ஸ்பூன் எண்ணெயில் நசுக்கிய பூண்டைப் போட்டு இளஞ்சூட்டில் வாசனை வந்ததும் பூண்டை எடுத்துவிடுங்கள். இருந்தால் கருகிக் கசக்கும். அந்த எண்ணெயில் ரொட்டியைப் புரட்டி, ஓவனில் 180 டிகிரியில் 10, 12 நிமிடம். ஓவன் இல்லையென்றால் தோசைக்கல்லில் சிறு தீயில் பொறுமையாகத் திருப்பலாம். முழுக்க ஆறிய பிறகுதான் டப்பாவில் மூட வேண்டும். மீந்த பூண்டு எண்ணெயை மேடைமேல் பாட்டிலில் விட்டுவைக்காதீர்கள். காற்றுப் படாத எண்ணெயில் கிடக்கும் பூண்டில் விஷக்கிருமி வளரலாம்.

சிக்கன் போடலாமா?

போடலாம். அசலில் இல்லை, பின்னால் ஓட்டல்கள் சேர்த்தது. பக்கத்தில் தனியாக வையுங்கள். சூடான கறியை மேலே வைத்தால் இலை வாடிவிடும்.

எப்போது கலப்பது, எவ்வளவு டிரஸ்ஸிங்?

எல்லாரும் தட்டு முன்னால் உட்கார்ந்த பிறகு. உங்கள் இரண்டு கைகளும் உள்ளே போகிற அளவுக்கு அகலமான பாத்திரம் எடுங்கள். முதலில் டிரஸ்ஸிங்கில் பாதியைப் பாத்திரத்தின் சுவரில் பூசி, இலைகளைப் போட்டு, அடியிலிருந்து மேலே வாரி வாரிப் புரட்டுங்கள். இலை பளபளவென்று ஆனால் போதும். வெள்ளையாகத் தெரிந்தால் அதிகம். பிறகு ரொட்டி, மீதி சீஸ். என் வீட்டில் முழு அளவும் செலவானதே இல்லை, மூன்றில் ஒரு பங்கு மிஞ்சும்.

முள்கரண்டியில் குத்தினால் இலை நழுவுகிறதே?

டிஹுவானாவில் அன்று முழு இலைகளைத்தான் பரிமாறினார்கள். நடுத்தண்டைப் பிடித்து, கையால் எடுத்துக் கடிப்பது வழக்கம். நமக்கு இதைச் சொல்லித்தர வேண்டுமா என்ன? உள்ளிலைகளை வெட்டாமல் அப்படியே வையுங்கள்.

மிஞ்சியதை எத்தனை நாள் வைக்கலாம்?

டிரஸ்ஸிங்கில் பச்சை முட்டை இருந்தால் மூடி போட்டு ஃப்ரிட்ஜில் வைத்து மறுநாளுக்குள் முடித்துவிடுங்கள். சூடு பண்ணிய கரு, பால் வகைகள் மூன்று நாள். நம் வெயிலில் வெளியே ஒரு மணி நேரத்துக்கு மேல் கிடந்தது எதுவானாலும் தயங்காமல் கொட்டுங்கள். ஃப்ரீஸரில் வைக்காதீர்கள், உருகும்போது திரிந்துவிடும். கலந்து மிஞ்சிய சாலட்டுக்கு மறுநாள் உயிர் இருக்காது. இரவே யாராவது சாப்பிட்டுவிடுவது நல்லது. டிரஸ்ஸிங் மட்டும் தனியாக மிஞ்சியிருந்தால், மறுநாள் காலை அவித்த உருளைக்கிழங்கைச் சூடு ஆறியதும் துண்டு போட்டுப் புரட்டுங்கள். எங்கள் வீட்டில் சாலட்டைவிட அதற்குத்தான் அடிதடி.